ஈரச் சுவரும் சீமெந்துப் பூச்சும்

சகோதரிகளே, சுவரில் பூஞ்சணம் பிடித்தால் துணியால் துடைத்துவிட்டு மேலே ஒரு கோட் பெயின்ட் அடிப்பதுதான் நம் வீடுகளில் வழமை. எங்கள் வீட்டிலும் பல வருடங்கள் அதைத்தான் செய்தோம். தலவாக்கலையில் மே மாதம் பிடிக்கும் மழை செப்டம்பர் வரை ஓயாது. அந்த மாதங்களில் எங்கள் படுக்கையறையின் மேற்குச் சுவர் நனைந்த கம்பளி போல் மணக்கும். அலுமாரிக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகள் படரும். கிதாபுகளின் அட்டைகளில் கூடப் பச்சை படிந்தது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டோம். இளைய மகளுக்கு இரவில் மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தச் சுவரை ஒழுங்காகத் திரும்பிப் பார்த்தோம். பிள்ளையை ஈரமில்லாத அறையில் படுக்க வையுங்கள் என்றார் டாக்டர். அப்படி ஓர் அறை எங்களிடம் இருக்கவில்லை.

வீடு என் மனைவி வழி வந்தது. ஓர் அடிக்கு மேல் தடித்த செங்கல் சுவர், இடையில் சுண்ணாம்புச் சாந்து. நிலத்து ஈரம் மேலே ஏறாமல் தடுக்கும் தார்ப்படை எதுவும் அத்திவாரத்தில் கிடையாது. 1885 இல் நானுஓயா வரை ரயில் பாதை வந்த பிறகு மலையகக் கடைவீதிகளில் எழுந்த பழைய வீடுகள் பலவும் இந்த வகைதான்.

ஒரு மேசன் பாஸைக் கூப்பிட்டோம். பழைய பூச்சை முழுவதும் கொத்திவிட்டு நல்ல இறுக்கமான சீமெந்துப் பூச்சு போட்டால் ஈரம் எட்டியும் பாராது என்றார். மனைவி சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அப்படியே போனது. சுவர் பளபளவென்று நின்றது. எனக்கும் பெருமைதான். அடுத்த ஜூலையில் இடுப்பளவில் நின்ற ஈரம் தோளளவுக்கு ஏறியிருந்தது. அதற்கடுத்த வருடம் பூச்சு வயிறு தள்ளி, பலகை பலகையாக விழுந்தது. விழும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வந்தது.

பாஸைக் குறை சொல்வதற்கில்லை. புதிய சீமெந்துக்கல் வீட்டுக்கு அவர் செய்வது சரியான வேலை. பழைய செங்கல்லின் சுபாவம் வேறு. சீனிக்கட்டியின் ஓரத்தைத் தேநீரில் தொட்டால் நிறம் மேலே ஏறுகிறதே, அது போல நிலத்து நீர் செங்கல்லின் நுண்ணிய துளைகள் வழியே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும். ஏறியதும் உலர்வதும் சரிக்குச் சரியாகும். சீமெந்து அந்த வாசலைச் சாத்திவிடுகிறது. வெளியேற வழியில்லாத நீர் இன்னும் மேலே ஏறும், அல்லது உள் அறைப் பக்கம் திரும்பும். அதோடு வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்து, அதைத் தள்ளி விழுத்தும். 1950 இல் காங்கேசன்துறைத் தொழிற்சாலை தொடங்கிய பின் உள்நாட்டுச் சீமெந்தும் கடைக்கு வந்தது. சுண்ணாம்பைக் குழைக்கத் தெரிந்த கைகள் மெல்ல மெல்லக் குறைந்துபோயின.

வெள்ளிக்கிழமை தோறும் ஸூரத்துல் கஹ்ஃப் ஓதுகிறோம். கூலி வாங்காமல் ஹிழ்ர் (அலை) அவர்கள் நிமிர்த்திய சுவரைப் பற்றி எத்தனையோ தடவை பாடம் நடத்தியிருக்கிறேன். விழ இருந்த அந்தச் சுவருக்குக் குர்ஆன் பாவிக்கும் அரபு வினைச்சொல், நாடுதல் என்ற பொருளுடையது. அதன் இலக்கணத்தை மாணவர்களுக்கு அரை மணி நேரம் விளக்குவேன். வீட்டில் ஒரு சுவர் விழ நாடியபோது எனக்கு மேசன் கரண்டியை எந்தக் கையில் பிடிப்பதென்றே தெரியவில்லை.

வழி காட்டியது மாமிதான். "நாங்க சின்னப் பிள்ளைகளா இருக்கக்குள்ள நோன்புக்கு முந்தி ஒவ்வொரு வருஷமும் சுண்ணாம்பு அடிப்போம் மகன். அப்ப இந்த நாத்தம் இருக்கல்ல" என்றார். வெளியே கூட்டிப் போய் இன்னொன்றையும் காட்டினார். பூங்கன்றுக்காக நாங்கள் வருடா வருடம் கொட்டிய மண், வீட்டின் தரை மட்டத்துக்கு மேலே ஏறிச் சுவரோடு அணைந்து கிடந்தது. அதன் கீழே பழைய கான் புதைந்து போயிருந்தது. கூரைப் பீலியில் டேர்பன்டைன் மரத்து இலைகள் அடைத்து, வழியும் நீர் முழுவதும் அதே சுவரில்தான் இறங்கியது. இத்தனைக்கும் நடுவில் நாங்கள் அறைக்குள் நின்று சுவருக்குப் பவுடர் பூசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

நீங்கள் காசைச் செலவழிக்கும் முன் ஒரு சிறிய பரிசோதனை செய்து பாருங்கள். ஒரு சதுர அடிப் பொலித்தீனை ஈரமான இடத்தில் நாற்புறமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனின் பின்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த முன்பக்கம் நனைந்திருந்தால் அது நம் சமையல் ஆவியும் உள்ளே காயப்போட்ட உடுப்பும் மூச்சுக்காற்றும் குளிர்ந்த சுவரில் படிந்த நீர். இரண்டாவதற்கு மேசன் தேவையில்லை. அடுப்படி ஜன்னலைத் திறந்து வைத்து, அலுமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்தாலே பாதி தீரும். எங்களுக்கு இரண்டும் இருந்தன: கீழே பின்பக்கம், மேல் மூலையில் முன்பக்கம்.

பாடசாலை டிசம்பர் விடுமுறையில் வேலையைத் தொடங்கினோம். முதலில் மண்ணை வெட்டி, வீட்டுத் தரையிலிருந்து அரை அடிக்கு மேல் கீழிறக்கினோம். கானைத் தோண்டிச் சரிவு கொடுத்தோம். பீலியைத் துப்புரவாக்கினோம். பிறகு மிச்சமிருந்த சீமெந்துப் பூச்சை உளியால் மெதுவாக எடுத்து, உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, சுவரை நிர்வாணமாக விட்டுவிட்டோம். இந்தப் பகுதியில் பலரும் பொறுமை இழப்பார்கள். ஜனவரி, பெப்ரவரியில் இங்கு மழை குறைவு. அந்தக் காற்றுதான் உலர்த்தும். வருகிறவர்கள் எல்லாரும் "என்ன மௌலவி, காசு முடிஞ்சிட்டா?" என்று கேட்டார்கள். பாதி உண்மைதான்.

பெப்ரவரி கடைசியில் பூச்சு. நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய மணல் மூன்று பங்கு. செங்கல்லை முதலில் நனைத்து, அரை அங்குலத்துக்கு மேற்படாமல் ஒரு படை. அது இறுகிய பின் அடுத்தது. சுண்ணாம்பு சீமெந்து போல் ஒரே நாளில் இறுகாது. காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி வாரக்கணக்கில்தான் கல்லாகும். ஆகவே முதல் வாரம் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு வெயிலிலிருந்து காக்க வேண்டும். கடைசியில் பால் போல் கரைத்த சுண்ணாம்பு நான்கு தடவை. இதன் மேல் எனாமலோ எமல்ஷனோ அடித்தால் பட்ட பாடெல்லாம் வீண். ஒன்றை மறக்க வேண்டாம்: சுண்ணாம்பு கண்ணைக் குருடாக்கும், கையைப் புண்ணாக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொட வேண்டாம். நீற்றாத சுட்ட சுண்ணாம்புக் கல்லை வீட்டில் நீற்றவே வேண்டாம். தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும். நீற்றியதையே பையில் வாங்குங்கள்.

மனைவியும் மூத்த மகளும்தான் அதிகம் பூசினார்கள். என் பகுதி எதுவென்று இப்போதும் அலையலையாகத் தெரியும். மாலி நாட்டு ஜென்னே நகரில் மண்ணால் கட்டிய பெரிய பள்ளிவாசல் ஒன்று இருக்கிறது. இன்றுள்ள கட்டடம் 1907 இல் எழுந்தது. வருடம் ஒருமுறை ஊரே திரண்டு அதற்குப் புது மண் பூசும். பெண்கள் தண்ணீர் சுமப்பார்கள், ஆண்கள் சுவரில் ஏறுவார்கள். எங்கள் வீட்டில் அது தலைகீழாக நடந்தது. தண்ணீர் சுமந்தது நான்.

கூரைப் பக்கம் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். பின்கட்டுக்கு அஸ்பெஸ்டஸ் சீட். அதில் பிடித்த பாசியைக் கம்பித் தூரிகையால் காயக் காயச் சுரண்டினேன். தூசு உடுப்பெல்லாம் படிந்தது, மனைவி அதைக் கையால் கசக்கித் துவைத்தார். அந்தத் தூசிலுள்ள நார் புற்றுநோய்க்குக் காரணமென்றும், அது பல பத்து வருடங்கள் கழித்தே தலைகாட்டுமென்றும் பிறகுதான் படித்தேன். 1965 இல் இலண்டனில் வெளியான ஆய்வில், அஸ்பெஸ்டஸ் வேலை செய்த கணவரின் உடுப்பைத் துவைத்ததைத் தவிர வேறு தொடர்பில்லாத மனைவியரும் நோயாளிகளில் இருந்தார்கள். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சீட் உடையாமல் இருந்தால் அதைச் சும்மா விடுங்கள். துளையிடவோ அரியவோ சுரண்டவோ வேண்டாம். கழற்றியே ஆக வேண்டுமென்றால் தெரிந்தவரைக் கொண்டு நன்றாக நனைத்து, முழுசாக இறக்குங்கள். உடைந்த துண்டை முற்றத்துச் சேற்றில் போட்டு மிதிக்க வேண்டாம்.

இதில் நம் தேயிலைக்கும் பங்குண்டு. 2018 ஜனவரி முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை நிறுத்துவதாக அரசு அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைச் சரக்கொன்றில் கப்ரா வண்டைக் கண்டதாகக் கூறி ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. உலகில் அதிகமாக அஸ்பெஸ்டஸ் தோண்டும் நாடும் அதுதான். அந்த மாதமே நம் தடை கைவிடப்பட்டது. தேயிலையும் மறுபடி போனது.

கடைசியாக, வெடிப்பு. பூச்சில் மயிரிழை போல் ஓடுவதைச் சுண்ணாம்பால் அடைக்கலாம். செங்கல் வரிசையோடு படிப்படியாகச் சரிந்து போகும் வெடிப்பு வேறு விஷயம். அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதி வையுங்கள். மழைக்காலத்தில் அது கோட்டைத் தாண்டினால், கதவு திடீரென்று நிலையில் இறுகினால், முற்றத்தில் புதிதாகக் கலங்கல் நீர் ஊறினால், மரங்கள் சரிந்தால், அது வீட்டுக் கோளாறல்ல, மலை நகர்கிறது. கரண்டியைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு வெளியேறி, கிராம உத்தியோகத்தருக்கோ 117 என்ற அனர்த்த முகாமைத்துவ நிலைய இலக்கத்துக்கோ சொல்லுங்கள். 2014 ஒக்டோபர் 29 இல் மீரியபெத்தையிலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகமெங்கும் மண் சரிந்ததை நாம் பார்த்தவர்கள்தானே.

எங்கள் வீட்டில் அப்படியொரு வெடிப்பு அடுப்படி மூலையில் இருக்கிறது. திகதியிட்ட கோடு இதுவரை தாண்டப்படவில்லை. மகள் இப்போது அந்த அறையிலேயே படுக்கிறாள். இந்த மழைக்கு இருமல் இரண்டு தடவைதான் வந்தது. அடுப்படிச் சுவரை அடுத்த டிசம்பரில் தொடங்க எண்ணியிருக்கிறோம். மிஞ்சிய சுண்ணாம்பை மாமி வாளியில் தண்ணீர் ஊற்றி மூடி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறார்.