பூங்காவுக்குப் புறப்படுமுன்

 

பள்ளித் தேர்வுகள் முடிந்து விடுமுறை தொடங்கிவிட்டால் எல்லா வீடுகளிலும் ஒரே கேள்விதான் எழும். "எங்கே அழைத்துப் போகிறீர்கள்?" என்று பிள்ளைகள் வாப்பாவைக் கேட்பார்கள், வாப்பா உம்மாவின் முகத்தைப் பார்ப்பார், உம்மா சமையற்கட்டில் இருந்தபடியே, "எங்கேயாவது போய்விட்டு வாருங்கள்" என்பாள். யாரோ ஒருவர் புகழ்பெற்ற ஓரிடத்தின் பெயரைச் சொல்வார். அத்துடன் முடிவு எடுக்கப்பட்டுவிடும். அந்த முடிவு சரியா, தவறா என்பது அன்று மாலை வீடு திரும்பும்போதுதான் தெரியவரும்.

எங்களுக்கு அது ஒரு நோன்புப் பெருநாள் விடுமுறையில் தெரிந்தது. ஆண்டுகள் பல கடந்துவிட்டன. பெயர்பெற்ற ஒரு பூங்காவுக்குக் குடும்பத்துடன் சென்றோம். என் மாமியாரும் உடன் வந்தார்கள். புறப்படவே பத்து மணி ஆகிவிட்டது. உள்ளே நுழையும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மூட்டுவலியால் மாமியாரால் வெகுதூரம் நடக்க இயலவில்லை. "நீங்கள் போங்கம்மா, நான் இங்கேயே இருக்கிறேன்" என்று வாயிலருகே ஒரு திண்டில் அமர்ந்தவர்கள், மாலைவரை அங்கேயே இருந்தார்கள். நான் கைக்குழந்தையுடனும் சாப்பாட்டுக் கூடையுடனும் ஒரு மரத்தடியில் காவலுக்கு அமர்ந்தேன். பதினொரு வயதான மூத்த மகளிடம், "தம்பியைப் பார்த்துக்கொள்" என்று சொல்லி அனுப்பினேன். சற்று நேரத்தில் அவளும் அழுதுகொண்டு வந்தாள். அவள் தம்பியும் அழுதுகொண்டு வந்தான். வெயிலில் காய்ந்து கிடந்த இரும்புச் சறுக்கு மரத்தில் உட்கார்ந்ததால் அவனுடைய தொடை கன்றிப் போயிருந்தது. கழிப்பறையோ பூட்டிக் கிடந்தது. லுஹர் தொழுகைக்கு ஒளுச் செய்யவும் தண்ணீர் கிடைக்கவில்லை.

திரும்பும் வழியில் மாமியார், "பிள்ளைகள் விளையாடினார்கள் அல்லவா, அது போதும்" என்றார்கள். பிள்ளைகள் விளையாடவில்லை என்பதை அவர்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த நாளுக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. எங்கே போவது என்று தீர்மானிப்பதற்குமுன், நம்முடன் வருபவர்களில் மிகவும் சிரமப்படக்கூடியவர் யார் என்று கேட்டுக்கொள்வோம். அவருக்கு ஏற்ற இடம் எதுவோ அதுவே அனைவருக்கும் ஏற்ற இடம். நடக்க முடியாத பாட்டிக்கு நிழலும் இருக்கையும் உள்ள இடத்தில் நான்கு வயதுக் குழந்தையும் களைப்பின்றி விளையாடும். கழிப்பறை தூய்மையாக உள்ள இடத்தில்தான் பெண்கள் தாகத்துக்குத் தயங்காமல் தண்ணீர் குடிப்பார்கள். வெளியில் போனால் கழிப்பறைக்கு அஞ்சியே நாள் முழுதும் தண்ணீர் அருந்தாமல் இருக்கும் பெண்கள் நம்மில் எத்தனை பேர்!

இரண்டாவது வழக்கம், முன்கூட்டியே ஒரு நோட்டம் பார்த்து வருவது. வீட்டு ஆண்களில் ஒருவரோ, வளர்ந்த பிள்ளைகளில் ஒருவரோ முந்தின வாரத்தில் அரைமணி நேரம் ஒதுக்கி அந்த இடத்தைப் பார்த்து வந்தால் போதும். கழிப்பறை திறந்திருக்கிறதா, குடிநீர் இருக்கிறதா, நண்பகலில் நிழல் எங்கே விழுகிறது, விளையாட்டுக் கருவிகள் எந்த நிலையில் உள்ளன, அருகில் பள்ளிவாசல் உண்டா, அதில் பெண்கள் தொழ இடவசதி உண்டா ஆகியவற்றை அவர் அறிந்து வரவேண்டும். தொலைவில் உள்ள இடமானால் அங்கே சென்று வந்தவர்களிடம் இவற்றையே கேட்கலாம். "நன்றாக இருந்ததா?" என்று கேட்டால் "நன்றாக இருந்தது" என்ற விடைதான் வரும், "கழிப்பறையில் தண்ணீர் வந்ததா?" என்று கேட்டால்தான் உண்மை வரும்.

இனி, விளையாட்டுக் கருவிகளைப் பற்றி. முதலில் கருவியைப் பார்க்காமல் அதன் கீழே உள்ள தரையைப் பாருங்கள். விளையாட்டிடத்தில் ஏற்படும் பெருங்காயங்களுக்குக் கீழே விழுவதே முதன்மைக் காரணம். சிமெண்டுத் தரையிலோ இறுகிய மண்ணிலோ நிற்கும் உயரமான ஏணியில் குழந்தையை ஏற விடாதீர்கள். கீழே மணல் இருந்தால் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். மேலே பரப்பிய இரண்டு விரற்கடை மணல் எதற்கும் பயன்படாது. ஏறத்தாழ ஓர் அடி ஆழத்துக்கு இளக்கமாக இருக்கவேண்டும். கண்ணாடித் துண்டு கிடக்கிறதா என்பதையும் அப்போதே கவனித்துவிடலாம்.

அடுத்து, கம்பிகளுக்கிடையே உள்ள இடைவெளி. ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல் இருபத்து மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கும் சந்துகளே ஆபத்தானவை. அவற்றில் சிறு குழந்தையின் உடல் நுழைந்துவிடும், தலை சிக்கிக்கொள்ளும். ஊஞ்சலின் சங்கிலியும் கொக்கியும் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பலகையாலோ இரும்பாலோ ஆன இருக்கையைவிட ரப்பர் இருக்கை நல்லது. வேகமாக வரும் ஊஞ்சல் குறுக்கே ஓடும் குழந்தையின் தலையில் மோதுவதுண்டு. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் தனித்தனி இடம் உள்ள பூங்கா கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். சறுக்கு மரத்தில் பிள்ளையை அமர்த்துமுன் உங்கள் புறங்கையை வைத்துச் சூடு பாருங்கள். இரும்பு மட்டுமல்ல, இப்போது பல பூங்காக்களில் விரித்துள்ள ரப்பர்த் தரையும் வெயிலில் வெறுங்காலைச் சுட்டுவிடும்.

பாசத்தால் நாம் செய்யும் ஒரு தவறும் உண்டு. சிறு குழந்தை பயப்படுகிறதே என்று அதை மடியில் வைத்துக்கொண்டு பெரியவர்கள் சறுக்கு மரத்தில் வருகிறோம். குழந்தையின் கால் ஓரத்தில் சிக்கினால், பெரியவரின் எடையும் சேர்ந்து இழுப்பதால் கால் எலும்பு முறிந்துவிடுகிறது. தனியே சறுக்க முடியாத குழந்தைக்குச் சிறிய சறுக்கு மரமே போதும். நீங்கள் அருகில் நின்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்காக மேலும் ஒன்று சொல்லவேண்டும். தொங்கும் துப்பட்டா, கழுத்தைச் சுற்றிய முக்காட்டின் நுனி, நீண்ட கயிறு வைத்த சட்டை ஆகியவை ஊஞ்சலிலும் ராட்டினத்திலும் சறுக்கு மரத்தின் உச்சியிலும் சிக்கினால் கழுத்தை இறுக்கிவிடும். துணியின் நுனிகளை ஆடைக்குள் செருகி விடுங்கள்; அல்லது தைத்து முடித்த முக்காட்டை அணிவியுங்கள். கூரிய ஊசிகளை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். "துப்பட்டா இருக்கிறது, நீ ஏறாதே" என்று சொல்வதைவிட இது நல்லது அல்லவா? பத்து வயதைக் கடந்த மகளிடம் தம்பியை ஒப்படைத்துவிட்டு அவளை ஊஞ்சலிலிருந்து இறக்கிவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அவளும் குழந்தைதான். கூட்டம் குறைந்த நாளையும் வேளையையும் தேர்ந்தெடுத்தால் அவள் கூச்சமின்றி ஓடியாட முடியும். பெருநாள், காணும் பொங்கல், ஞாயிறு மாலை ஆகிய நேரங்களைத் தவிர்த்து, விடுமுறையில் ஒரு சாதாரண வாரநாளின் காலை வேளையில் சென்று பாருங்கள்.

நான் அறிந்த சென்னையிலிருந்தே எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா நகரின் பழைய மிருகக்காட்சி சாலையின் தொடர்ச்சி. 1855இல் தொடங்கப்பட்ட அது 1985இல் வண்டலூருக்கு இடம் பெயர்ந்தது. பரப்பு ஏறத்தாழ 602 ஹெக்டேர். அது மிருகங்களுக்கு நன்மை. நம் கால்களுக்குச் சோதனை. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு அது மறக்க முடியாத நாளாக அமையும். முதியவரும் கைக்குழந்தையும் உடன் வந்தால், உள்ளே ஓடும் மின்கல வண்டியில் இடம் கிடைக்குமா என்பதை நுழைவாயிலிலேயே கேட்டு உறுதி செய்யுங்கள்.

கிண்டியில் உள்ள சிறுவர் பூங்கா அளவில் மிகச் சிறியது. புதுப்பிக்கப்பட்டு 2024இல் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் பக்கத்திலேயே 1972இல் தொடங்கப்பட்ட பாம்புப் பண்ணை இருக்கிறது. மரநிழலும் குறைந்த நடையும் உள்ள இடம் என்பதால், ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் அரைநாள் பொழுதுக்கு இதுவே பொருத்தம். வண்டலூருக்கும் கிண்டிக்கும் செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. விழாக் காலங்களில் இது மாறுவதுண்டு என்பதால் விசாரித்துப் புறப்படுங்கள். கதீட்ரல் சாலையில் 2010இல் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்காவில் செடிகொடிகளைப் பார்த்தபடி அமைதியாக நடக்கலாம். ஓயாமல் ஓடித் திரியும் பிள்ளைகளைவிட, பூவையும் வண்ணத்துப்பூச்சியையும் நின்று பார்க்கும் பிள்ளைகளுக்கு அது பிடிக்கும்.

நடக்க இயலாதவர்களை வீட்டில் விட்டுச் செல்வதே வழி என்று எண்ணிவிட வேண்டாம். சக்கர நாற்காலியில் செல்வோரும் கடலருகே போய்வர மெரினாவில் 2022 நவம்பரில் ஒரு மரப்பாதை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமடைந்து, பின்னர் அது சீர் செய்யப்பட்டது. இத்தகைய வசதி இருப்பதாகக் கேள்விப்பட்டால், அது இன்று பயன்படும் நிலையில் உள்ளதா என்று கேட்டறிந்து, அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். ஆனால் மெரினாவில் பிள்ளைகளை அலையில் இறங்க விடாதீர்கள். கரையோரத்திலேயே இழுப்பு மிகுந்த கடல் அது.

தண்ணீர் உள்ள எந்த இடத்திலும் எச்சரிக்கை வேண்டும். மீன் தொட்டியின் முழங்கால் ஆழத் தண்ணீரும் சிறு குழந்தையின் உயிரைப் பறிக்கப் போதுமானது. அதுவும் ஓசையின்றி நிகழும். படகுச் சவாரியில் உயிர்காப்பு உடை ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்பட்டால் மட்டுமே ஏறுங்கள். 2023 மே 7ஆம் நாள் கேரளத்தின் தானூரில், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். "எல்லாரும் ஏறுகிறார்களே" என்று ஏறாதீர்கள். பிள்ளைகள் அழுதாலும் படகை விட்டுவிடலாம்.

புறப்படும் நாளில் காலை ஏழு மணிக்கெல்லாம் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுங்கள். பதினொரு மணிமுதல் மூன்று மணிவரை வெயிலில் விளையாட்டு வேண்டாம். அந்த நேரம் சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் ஓய்வுக்கும் உரியது. கோடையில் ஆணம் ஊற்றிய சோறும் இறைச்சியும் இரண்டு மணி நேரத்துக்குள் கெடத் தொடங்கிவிடும். எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு, பொடி தடவிய இட்லி, சப்பாத்தி ஆகியவை போதும். பிரியாணியை வீடு திரும்பி இரவில் உண்ணலாம். குடிநீரைத் தேவைக்கு மேலாகவே எடுத்துச் செல்லுங்கள். ஒரு பழைய விரிப்பு, உப்பும் சீனியும் கலந்த உப்புச் சர்க்கரைப் பொட்டலம், காயத்துக்குக் கட்டும் துணி, மாற்றுடை ஆகியவை பையில் இருக்கட்டும்.

புறப்படுமுன் பிள்ளைகளைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் ஒருவர் காணாமல் போனால், எந்தச் சட்டை அணிந்திருந்தான் என்பது பதற்றத்தில் நினைவுக்கு வராது. உங்கள் எண்ணை ஒரு தாளில் எழுதிக் குழந்தையின் சட்டைப் பைக்குள் வையுங்கள். வெளியே தெரியும்படி பெயரை எழுத வேண்டாம். "வழி தெரியாமல் போனால் நின்ற இடத்திலேயே நில். சீருடை அணிந்தவரிடமோ, குழந்தையுடன் இருக்கும் ஓர் உம்மாவிடமோ சொல்" என்று கற்றுக்கொடுங்கள். காவல் உதவிக்கு 112, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098 ஆகிய எண்களைப் பெரிய பிள்ளைகள் மனப்பாடம் செய்யட்டும்.

இறுதியாக, சகோதரர்களுக்கு ஒரு சொல். கூடையையும் கைக்குழந்தையையும் காக்கும் பொறுப்பை ஒரு மணி நேரமாவது நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரம் உங்கள் மனைவி மகளுடன் நடந்து வரட்டும்.

நாங்கள் மறுமுறை சென்றது வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு சிறு பூங்காவுக்கு. நுழைவுக் கட்டணம் இல்லை. யானையும் சிங்கமும் இல்லை. இரண்டு ஊஞ்சல்களும் ஒரு வேப்ப மரமும் அதன்கீழ் சாய்மானம் உள்ள ஓர் இருக்கையும் இருந்தன. மாமியார் அந்த இருக்கையில் அமர்ந்து பேரனுக்குச் சோறு ஊட்டினார்கள். மகள் ஊஞ்சலில் ஆடினாள். குழந்தையை அவள் வாப்பா வைத்திருந்தார். அஸர் நேரத்தில் புறப்பட எழுந்தபோது, "இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகலாமே" என்று முதலில் சொன்னவர் என் மாமியார்தான்.