மேஜைக் கணினியா? மடிக் கணினியா?

நமது சங்க அங்கத்தினர்களின் குடும்பங்களில் இப்பொழுது ஒரு கேள்வி அடிக்கடி எழுகின்றது. பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பிள்ளை கணினி வேண்டும் என்கிறான். சாதாரணக் கணினி போதாது, ‘கேமிங் லேப்டாப்’ எனப்படும் விளையாட்டு மடிக் கணினியே வேண்டும் என்கிறான். தறியில் அமர்ந்து சேர்த்த கூலியும், கீரமங்கலத்து மலரும் வடகாட்டுப் பலாவும் விற்றுச் சேர்த்த காசும், எழுபதாயிரம் எண்பதாயிரம் ரூபாயாக ஒரே நாளில் கடைக்குப் போய்ச் சேருகின்றன. சில இல்லங்களில் அதற்காக நகையும் அடகுக்குப் போகின்றது. ஆகவே, இது பிள்ளைகளின் ஆசையைப் பற்றிய அற்ப விஷயம் என்று ஒதுக்கிவிட இயலாது. குடும்பத்தின் ஓராண்டுச் சேமிப்பு எதில் முடங்குகின்றது என்பதே இங்கு கேள்வி.

நமது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வேகத்தை விலை கொடுத்து வாங்க விரும்புகிறவர் மேஜைக் கணினியை வாங்கட்டும். தூக்கிக்கொண்டு செல்ல வேண்டியவர் சாதாரண மடிக் கணினியை வாங்கட்டும். இரண்டையும் ஒன்றில் அடக்குவதாகக் கூறும் விளையாட்டு மடிக் கணினி, மிகச் சிலருக்கே பொருத்தமான பண்டம். அந்தச் சிலர் யார் என்பதையும் பின்னர் கூறுவோம்.

கணினி என்றவுடன் நெசவாளர்கள் அது தமக்கு அந்நியமானது என்று எண்ண வேண்டியதில்லை. பிரான்சு தேசத்தில் லியான் நகரத்து ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டில் அமைத்த தறிப்பெட்டியை நாம் அறிவோம். துளையிட்ட அட்டைகளைக் கோத்து, துளை உள்ள இடத்தில் இழை எழும்பவும், துளை இல்லாத இடத்தில் இழை அடங்கவும் செய்த கருவி அது. அந்த அட்டைகளைக் கண்டே, இங்கிலாந்தின் பாபேஜ், தாம் திட்டமிட்ட கணக்கிடும் பொறிக்கும் அட்டைகளால் கட்டளையிடலாம் என்று கருதினார். 1890-இல் அமெரிக்காவின் குடிக்கணக்கும் துளையட்டைகளைக் கொண்டே எண்ணப்பட்டது. கணினியின் பிறப்பில் தறிக்கும் ஒரு பங்கு உண்டு. எனவே, தறியை வாங்கும்போது நாம் எவ்வளவு நுட்பமாகப் பார்க்கிறோமோ, அவ்வளவு நுட்பத்துடன் இதையும் பார்த்து வாங்க நமக்கு உரிமையும் உண்டு, தகுதியும் உண்டு.

நம் ஊர்களில் கணினி என்றாலே மடிக் கணினிதான் என்ற எண்ணம் வேரூன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. 2011-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கும் விலையில்லா மடிக் கணினி வழங்கத் தொடங்கியது. புதுக்கோட்டை மாவட்டத்தின் எத்தனையோ கிராமங்களில், வீட்டுக்குள் வந்த முதற்கணினி அதுவே. மேஜைக் கணினியைக் காணாமலேயே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. பயில்வதற்கு அந்த மடிக் கணினி நல்ல துணையாகவே இருந்தது. ஆனால், இலவசமாக வரும் பொருளை அப்படியே ஏற்பது ஒன்று. கைப்பணம் கொடுத்து வாங்கும் பொருளைத் தேர்வது மற்றொன்று.

முதலாவதாக அறிய வேண்டியது, கடைகளில் வழங்கும் பெயர்களின் சூட்சுமம். விளையாட்டுகளின் வேகத்தைப் பெரிதும் தீர்மானிப்பது, திரையில் படங்களை வரைந்து தரும் ‘கிராபிக்ஸ் கார்டு’ என்ற பாகம். என்விடியா நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ‘ஆர்.டி.எக்ஸ். 4070’ என்ற கார்டை எடுத்துக்கொள்வோம். மேஜைக் கணினிக்கு வரும் 4070-இல் 12 ஜி.பி. நினைவகம் உண்டு, அது 200 வாட் வரை மின்சாரம் எடுத்து வேலை செய்யும். மடிக் கணினிக்குள் வரும் 4070-இல் நினைவகம் 8 ஜி.பி. மட்டுமே, கணக்கிடும் உட்கூறுகளும் குறைவு, மின்சாரமோ, தயாரிப்பாளரின் விருப்பப்படி 35 வாட் முதல் 115 வாட் வரை. பெயர் ஒன்று, சரக்கு வேறு. சிப்பத்தின் மேல் 60-ஆம் நெம்பர் என்று அச்சிட்டு, உள்ளே 40-ஆம் நெம்பர் நூலை வைத்தால் நெசவாளர் வாளாவிருப்பாரா? இங்கே அச்சடித்ததில் பொய் இல்லை என்பது மெய்தான். ‘லேப்டாப்’ என்ற ஒரு சொல்லை உடன் சேர்த்தே அச்சிடுகின்றனர். ஆனால், அந்த ஒரு சொல்லின் பொருளை வாங்குகிறவருக்கு விளக்குவார் அருமை. ஆகையால், விளையாட்டு மடிக் கணினி வாங்குகிறவர், கார்டின் பெயரோடு அது எத்தனை வாட்டில் ஓடுகின்றது என்பதையும் கேட்டறிய வேண்டும். விடை தெரியாத கடையில் வாங்காதிருப்பதே நலம்.

இரண்டாவது, வெப்பம். வேகமாக ஓடும் எந்த இயந்திரமும் சூடாகும். அந்தச் சூடு வெளியேற வழி வேண்டும். மேஜைக் கணினியின் பெட்டியில் காற்றோட்டத்துக்கு இடம் தாராளமாக உண்டு. பெரிய விசிறிகள் மெல்லச் சுழன்று சூட்டை வெளியேற்றும். மடிக் கணினியிலோ, இரண்டு விரற்கடைக் கனத்துக்குள் அத்தனையும் அடைபட்டுக் கிடக்கின்றது. சூடு வரம்பைத் தாண்டினால் இயந்திரம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வேகத்துக்காகக் கொடுத்த பணம் அங்கே வீணாகின்றது. பெரும்பாலான மடிக் கணினிகளின் விவரக்குறிப்பில், 35 டிகிரி வரையிலான அறை வெப்பத்துக்கே அவை ஏற்றவை என்று கண்டிருக்கும். சித்திரை, வைகாசியில் நம் மாவட்டத்து ஓட்டு வீட்டின் வெப்பம் எவ்வளவு என்பதை நாம் சொல்லித்தான் வாசகர்கள் அறிய வேண்டுமென்பதில்லை.

நெசவாளர் இல்லங்களுக்கு இதில் மேலும் ஒரு தொல்லை உண்டு. நூல் சுற்றும் இடத்திலும் தறி ஓடும் இடத்திலும் பஞ்சுத் தூசு பறந்துகொண்டே இருக்கும். மடிக் கணினியின் சிறு விசிறிகள் அந்தத் தூசை உள்ளே இழுத்து, மெல்லிய தகடுகளின் இடையே கம்பளி போல் படியவிடும். சில மாதங்களில் காற்று வழி அடைபடும். மேஜைக் கணினியின் பக்கப் பலகையைக் கழற்றி, மின்னிணைப்பை நீக்கிவிட்டு, மென்தூரிகையால் வீட்டாரே துடைத்துவிடலாம். மடிக் கணினியைத் திறப்பதோ அவ்வளவு எளிதன்று. அடிப்பலகையின் திருகாணிகளை எல்லாம் கழற்றி, உள்ளிருக்கும் மெல்லிய இணைப்புகள் அறாமல் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பழுது. விவசாயிகள் நன்கறிந்த உதாரணம் ஒன்று சொல்கிறோம். திறந்த கிணற்றின் மேல் இருக்கும் மோட்டார் பழுதானால், அங்கேயே பிரித்துப் பார்க்கலாம். ஆழ்துளைக் கிணற்றில் இறக்கிய நீர்மூழ்கி மோட்டார் பழுதானால், குழாய் குழாயாகத் தூக்க வேண்டும். ஆளும் வேண்டும், செலவும் ஆகும். மேஜைக் கணினி முதலாவதைப் போன்றது. கார்டு கெட்டால் கார்டை மாற்றலாம். மின் வழங்கி கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். நினைவகம் போதவில்லையெனில், நூல் விலை போல ஏறி இறங்கும் அதன் விலை தணிந்திருக்கும் காலம் பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம். விளையாட்டு மடிக் கணினியிலோ, மூளையாகிய பிராசசரும் கிராபிக்ஸ் பாகமும் ஒரே பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். ஒன்று கெட்டால் பலகை முழுவதற்கும் விலை கூற வருவார்கள். மின்கலமும் சில நூறு முறை முழுதாக ஏற்றி இறக்கிய பின் தளரும். ஐந்தாண்டு கழித்து மேஜைக் கணினியில் ஒரு பாகத்தை மாற்றி மேலும் சில ஆண்டுகள் ஓட்டலாம். மடிக் கணினியில் அந்த வழி பெரும்பாலும் இல்லை.

இனி, மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். மேஜைக் கணினி மின்சாரத்தை அதிகம் உண்ணும். கனமான விளையாட்டின்போது திரையும் சேர்ந்து 400 வாட் என்று கொண்டால், நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்தில் 1.2 யூனிட், இரண்டு மாதத்தில் 72 யூனிட். மடிக் கணினி 200 வாட் என்று கொண்டால், அதில் பாதியாகிய 36 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை என்ற சலுகை 2016-இல் வந்ததை நினைத்தால், இந்த வித்தியாசம் சிறிதன்று என்பது விளங்கும். பாடம் படிப்பதற்கும் கணக்கு எழுதுவதற்கும் மேஜைக் கணினி இவ்வளவு எடுக்காது, ஆட்டத்தின்போதுதான் எடுக்கும். திரை, விசைப்பலகை, மின்தடையின்போது கணினியை ஒழுங்காக நிறுத்த அவகாசம் தரும் யு.பி.எஸ். ஆகியவற்றின் விலையையும் மேஜைக் கணினியின் கணக்கில் சேர்த்தே பார்க்க வேண்டும். இவற்றை விட்டுவிட்டு, பெட்டி மலிவு என்று மகிழ்வது கணக்காகாது.

மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. 2018 நவம்பர் 16-ஆம் நாள் கரை கடந்த கஜா புயல், நம் மாவட்டத்தின் தென்னையையும் பலாவையும் மட்டும் சாய்க்கவில்லை; மின்கம்பங்களையும் சாய்த்தது. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. ஆனால், மின்தடைக்கு அஞ்சி விளையாட்டு மடிக் கணினி வாங்குவது, வெயிலுக்கு அஞ்சிக் கம்பளி வாங்குவதை ஒக்கும். மின்கலத்தில் ஆடினால் அது ஒன்று அல்லது இரண்டு மணி நேரமே தாங்கும். அப்பொழுதும் முழு வேகம் தராது. மின்தடையின்போது படிப்பு நடக்க வேண்டுமெனில், குறைந்த மின்சாரத்தில் நெடுநேரம் ஓடும் சாதாரண மடிக் கணினியே ஏற்றது, விலையும் குறைவு.

அப்படியாயின் விளையாட்டு மடிக் கணினி யாருக்கு? திருச்சியிலோ சென்னையிலோ விடுதியில் தங்கி, கட்டட வரைபடம், அசைபடம், இயந்திர வடிவமைப்பு போன்ற கனமான வேலைகளைப் பயில்கிற மாணவருக்கு அது தகும். விடுதி அறையில் மேஜைக் கணினிக்கு இடமில்லை. விடுமுறைதோறும் அதைத் தூக்கி வரவும் இயலாது. அவர்கள் பயன்படுத்தும் கிராபிக்ஸ் பாகமும் விளையாட்டுக்கு வேண்டியதும் ஏறத்தாழ ஒன்றே. ஊர் ஊராகச் சென்று தொழில் செய்கிற ஒளிப்படக்காரருக்கும் அது தகும். இவர்களுக்கு அது கருவி. ஆடுவது அதன் இரண்டாவது பயன்.

விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டே சில பெற்றோர் அஞ்சுகின்றனர். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம் தடை செய்தது. திறமையை அளக்கும் மின்விளையாட்டுப் போட்டிகளை அது வேறாகப் பிரித்து ஏற்றது. 2023-இல் சீனத்தின் ஹாங்சௌ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுகளில் இப்போட்டிகளுக்குப் பதக்கங்களும் வழங்கப்பட்டன. ஆகவே, ஆட்டம் முழுவதையும் பழிக்க வேண்டியதில்லை. ஆனால், அளவு காக்க வேண்டும். கூடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கும் மேஜைக் கணினி, சொல்லாமலேயே அந்த அளவைக் காக்கும். கதவடைத்த அறையில் மடியில் கிடக்கும் கணினி காக்காது.

மற்றுமொன்றும் உண்டு. கூடத்து மேஜைக் கணினியில் காலையில் தந்தை சங்கக் கணக்கைப் பார்க்கலாம்; பகலில் தாய் புது வடிவங்களைக் காணலாம்; மாலையில் மகள் பாடம் படிக்கலாம்; இரவில் மகன் சிறிது ஆடலாம். மடிக் கணினி விரைவில் ஒருவருக்கே சொந்தமாகிவிடுகின்றது. அந்த ஒருவர் பெரும்பாலும் மகனே. எண்பதாயிரம் ரூபாயும் மகனின் மடியில் ஏறிவிட, கல்லூரி செல்லும் மகள் கைப்பேசியின் சிறு திரையில் கட்டுரை எழுதுவது நீதியாகாது. அதே பணத்தை இரண்டாகப் பிரித்து, வீட்டுக்கு நடுத்தரமான ஒரு மேஜைக் கணினியும், மகள் எடுத்துச் செல்ல எளிய ஒரு மடிக் கணினியும் வாங்க இயலுமா என்று பார்ப்பதே முறை.

கருவியைப் பயன் பார்த்துத் தேர்வது நம் மாவட்டத்துப் பெண்களுக்குப் புதிதன்று. 1991, 1992-ஆம் ஆண்டுகளில் அறிவொளி இயக்கத்தின்போது பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் பழகினர். பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது ஆண்களுக்கான வண்டியையே பலர் வாங்கினர். அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் என்ற பயனைக் கண்டு அதையே விரும்பியவர்களும் உண்டு. கடைக்காரர் யாருக்கென்று செய்த வண்டி என்பதை அவர்கள் பார்க்கவில்லை. தம் வேலைக்கு எது உதவும் என்பதையே பார்த்தனர். கணினியிலும் அந்தப் பார்வையே வேண்டும்.

நமது சங்கங்களுக்கும் ஒரு யோசனை கூறுகிறோம். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்த நாள் முதல், கடன் என்பது வருவாயைப் பெருக்கும் காரியத்துக்கே என்று இயக்கப் பெரியோர் வற்புறுத்தி வந்துள்ளனர். கணினிக்குக் கடன் கேட்கும் அங்கத்தினரிடம், அது என்ன வேலைக்கு என்று நிர்வாகிகள் அன்புடன் வினவட்டும். சங்கக் கட்டடத்தில் இடமிருந்தால், நல்ல மேஜைக் கணினி ஒன்றை வைத்து, அங்கத்தினரின் பிள்ளைகள் முறை வைத்துப் பயில வழி செய்யட்டும். வடிவமைப்புப் பழகும் நெசவாளர் பிள்ளைக்கும், விளைபொருள் விலையைப் பார்க்கும் விவசாயிக்கும் அது உதவும். தனியே ஒருவரால் வாங்க முடியாததைப் பலர் சேர்ந்து வாங்குவதற்கே சங்கம் வைத்தோம்.

கடைக்குச் செல்லுமுன் ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாளில் மூன்று வரிகள் எழுதட்டும். இந்தக் கணினி எந்த வேலைக்கு? அது வீட்டை விட்டு வெளியே போகுமா? பழுதானால் யார் பார்ப்பார், எவ்வளவு ஆகும்? இம்மூன்றுக்கும் விடை எழுதிய பின், விளம்பரப் பலகையின் வண்ண விளக்குகள் கண்ணைப் பறிப்பது தானே குறையும். உழைத்துச் சேர்த்த பணம் உரிய பண்டத்துக்கே போய்ச் சேரும்.