நடுவரின் மேசையில் அரசமைப்பு

உரிமையியல் நீதிபதி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவரிடம் அரசமைப்புச் சட்டத்தின் மிக முக்கியமான வழக்கு எது என்று கேட்டால், பெரும்பாலும் கேசவானந்த பாரதி வழக்கு என்பார். 1973 ஏப்ரல் 24, 13 நீதிபதிகள், 7க்கு 6 என்று விவரமும் சொல்வார். தெரிந்திருக்க வேண்டிய வழக்குதான். ஆனால் அவர் தேர்வாகி, ஒரு தாலுகா ஊரில் உரிமையியல் நீதிபதியாகவும் குற்றவியல் நடுவராகவும் பொறுப்பேற்றபின், அந்தத் தீர்ப்பை எடுத்தாளும் நாள் வராமலே போகலாம். உறுப்பு 22ஐ எடுத்தாளும் நாள் முதல் வாரத்திலேயே வந்துவிடும்.

முதலில் ஒரு சொல்விளக்கம். அரசமைப்பில் எண்ணிட்டு வருபவை உறுப்புகள். மற்ற சட்டங்களில் வருபவை பிரிவுகள். இரண்டையும் பிரிவு என்றே சொல்வது பேச்சுவழக்கு. இங்கே வேறுபடுத்தியே எழுதுகிறேன்.

கீழமை நீதிபதியிடம் என்ன அதிகாரம் இல்லை என்பதிலிருந்து தொடங்கலாம். அடிப்படை உரிமை மீறப்பட்டால் அரசுக்கோ அதிகாரிக்கோ நீதிமன்றம் நேரடியாகப் பிறப்பிக்கும் கட்டளைக்கு நீதிப்பேராணை என்று பெயர். அதை உறுப்பு 32இன் கீழ் உச்ச நீதிமன்றமும், உறுப்பு 226இன் கீழ் உயர் நீதிமன்றமும் பிறப்பிக்கலாம். மாவட்ட நீதிமன்றமோ அதற்குக் கீழுள்ள நீதிமன்றமோ பிறப்பிக்க முடியாது. ஒரு சட்டத்தைச் செல்லாது என்று அறிவிக்கவும் அவற்றால் முடியாது. அப்படியானால் அந்த நாற்காலியில் அமர்பவருக்கு அரசமைப்பு எதற்கு என்ற கேள்வி எழும். மாணவர்கள் பலருக்கு இந்த ஐயம் உண்டு. நியாயமான ஐயம்தான்.

விடை, ஒருவர் கைதான மறுநாள் நடுவர் முன் நிறுத்தப்படும்போது கிடைக்கிறது. உறுப்பு 22 மூன்று கடமைகளைச் சொல்கிறது. கைதுக்கான காரணத்தை விரைவில் தெரிவிக்க வேண்டும். விரும்பிய வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள நடுவர் முன் நிறுத்த வேண்டும். மூன்றும் காவல்துறையின் கடமைகள். அவை நிறைவேறினவா என்று பார்க்க வேண்டிய முதல் ஆள் நடுவர். உயர் நீதிமன்றத்துக்குப் போக வசதியில்லாத ஒருவருக்கு, பல சமயம் கடைசி ஆளும் அவரே.

நடுவர் கையெழுத்திட்டால் கைதானவர் சிறைக்குப் போகிறார். இதுதான் ரிமாண்ட், அதாவது நீதிமன்றக் காவல் உத்தரவு. பல நீதிமன்றங்களில் இது சில நிமிட வேலை. நடுவரின் வீட்டுக்கே அழைத்துவந்து நள்ளிரவில் நிறுத்துவதும் உண்டு. அந்தச் சில நிமிடங்களில் என்ன கேட்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் சிறிது சிறிதாக வரையறுத்து வந்திருக்கிறது. பாகல்பூர் விசாரணைக் கைதிகளின் கண்கள் குருடாக்கப்பட்ட வழக்கில், இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு என்பதைக் கைதானவருக்கு நடுவரே எடுத்துச் சொல்ல வேண்டும் என்றது. அதுவும் வழக்கு விசாரணை தொடங்கும்போது அல்ல, முதல்முறை முன்னிறுத்தப்படும்போதே. 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில், ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் கைது தேவைதானா என்பதற்குக் காவல்துறை தரும் காரணத்தைப் படித்து, மனநிறைவு அடைந்த பின்னரே காவலை அனுமதிக்க வேண்டும் என்றது. இயந்திரம்போலக் கையெழுத்திடும் நடுவர் மீது உயர் நீதிமன்றம் துறை நடவடிக்கை எடுக்கலாம் என்றும் சொன்னது. 2025இல் இரண்டு தீர்ப்புகள் வந்தன. உறுப்பு 22(1) பின்பற்றப்பட்டதா என்று உறுதிசெய்வது நடுவரின் கடமை என்றது பிப்ரவரித் தீர்ப்பு. காரணத்தை எழுத்து மூலமாக, கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்றது நவம்பர்த் தீர்ப்பு. கைது செய்யும் நேரத்தில் எழுதித்தர இயலாவிட்டாலும், நடுவர் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது தந்துவிட வேண்டும்.

இந்தக் கேள்விகளைக் கேட்பது வெறும் சடங்கில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவலுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தந்தையும் மகனும் இறந்தபோது, அவர்கள் ரிமாண்ட் செய்யப்பட்ட விதம் பற்றியும் தமிழகம் கேட்டது. உடலில் காயம் உண்டா, காவலர்கள் அடித்தார்களா என்று கைதானவரை நேரே பார்த்துக் கேட்பதும் அரசமைப்பு அறிவுதான். உயிரும் தனிமனித சுதந்திரமும் பற்றிய உறுப்பு 21 அந்த இடத்தில் அப்படித்தான் வேலை செய்கிறது.

ஒரு விதிவிலக்கு. குண்டர் சட்டம் என்று மக்கள் அழைக்கும் 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 14 போன்ற தடுப்புக் காவல் சட்டங்களுக்கு மேற்சொன்ன பாதுகாப்புகள் பொருந்தா என்று உறுப்பு 22 தானே சொல்கிறது. அந்த உத்தரவுகளை நடுவர் முன் எதிர்க்க முடியாது; பெரும்பாலும் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு மூலமே எதிர்க்கிறார்கள்.

ரிமாண்டுக்குப் பிறகு நாள்கணக்கு தொடங்குகிறது. விசாரணையைக் குறித்த நாளுக்குள் முடித்துக் காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், கைதானவர் கேட்டதும் ஜாமீன் தர வேண்டும். பெரிய குற்றங்களுக்கு 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். இது இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 187இல் இருக்கிறது. நடைமுறைச் சட்டத்தின் ஒரு பிரிவுக்கும் அரசமைப்புக்கும் என்ன தொடர்பு என்பதை மதுரை மாவட்டம் சமயநல்லூர் காவல் நிலைய வழக்கு ஒன்று நன்றாகக் காட்டும். கொரோனா காலத்தில், மனு தாக்கல் செய்யும் காலக்கெடுக்களை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் பொதுவாக நீட்டித்திருந்தது. அந்த நீட்டிப்பு குற்றப்பத்திரிகைக்கும் பொருந்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு தனி நீதிபதி முடிவுசெய்து, 60 நாளைத் தாண்டிச் சிறையிலிருந்தவருக்கு ஜாமீன் மறுத்தார். அதே நீதிமன்றத்தின் இன்னொரு தனி நீதிபதி சில நாள் முன்புதான் பொருந்தாது என்று தீர்ப்பளித்திருந்தார். 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் முந்தைய தீர்ப்பே சரி என்றது. குறித்த நாளில் ஜாமீன் கிடைப்பது உறுப்பு 21 தரும் சுதந்திரத்தின் பகுதி. ஊரடங்கு அதைப் பறிக்காது. கூடவே இன்னொன்றையும் சொன்னது: சக நீதிபதியின் தீர்ப்போடு உடன்பாடில்லை என்றால் மாற்றித் தீர்ப்பெழுதக் கூடாது, பெரிய அமர்வுக்கு அனுப்ப வேண்டும்.

முன்தீர்ப்புக்குக் கட்டுப்படுவது கீழமை நீதிமன்றத்துக்கு இன்னும் கண்டிப்பானது. உச்ச நீதிமன்றம் வகுக்கும் சட்டம் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது உறுப்பு 141. ஏட்டில் எளிய வரி. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 66ஏ 2015 மார்ச்சில் செல்லாததாக்கப்பட்டது. அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் அந்தப் பிரிவின்கீழ் வழக்குகள் பதிவாயின; நீதிமன்றங்களில் நிலுவையிலும் இருந்தன. 2021இல் இதை அறிந்து உச்ச நீதிமன்றம் அதிர்ச்சி தெரிவித்தது. 2022 அக்டோபரில் மீண்டும் ஓர் உத்தரவு போட வேண்டியிருந்தது. இறந்துபோன ஒரு சட்டத்துக்காக மனிதர்கள் வாய்தாவுக்கு வந்துபோனார்கள். கோப்பைக் கையில் எடுத்த எந்த நடுவரும் முதல் நாளே அதைக் கவனித்திருக்க முடியும்.

சரி, இன்னும் எந்த மேல் நீதிமன்றமும் தொடாத ஒரு சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று விசாரணை நீதிபதிக்கே தோன்றினால்? உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 113 அதற்கு வழி வைத்திருக்கிறது. அவர் தம் கருத்தையும் காரணங்களையும் எழுதி, கேள்வியை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். குற்றவியல் நடைமுறையிலும் இதற்கு இணையான பிரிவு உண்டு. நிபந்தனைகளைக் கவனியுங்கள். அந்தக் கேள்விக்கு விடை காணாமல் வழக்கை முடிக்க முடியாது என்ற நிலை இருக்க வேண்டும். கட்சிக்காரர் சொன்னால் போதாது, சட்டம் செல்லாது என்று நீதிபதியே கருத வேண்டும். உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ ஏற்கெனவே அப்படி அறிவித்திருக்கக் கூடாது. செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. ஆனால் சிந்திக்கும் கடமை இருக்கிறது. இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் கீழமை நீதிமன்றத்தில் அரசமைப்பின் இடம் பெருமளவு புரிந்துவிடும்.

அந்தப் பதவியே அரசமைப்பிலிருந்து பிறந்ததுதான். உறுப்பு 234இன்படி, ஆளுநர் பணியாளர் தேர்வாணையத்தையும் உயர் நீதிமன்றத்தையும் கலந்து வகுக்கும் விதிகளின்படி நியமனம் நடக்கிறது. பதவிக்கு வந்தபின் இடமாற்றமும் ஒழுங்கு நடவடிக்கையும் உறுப்பு 235இன்படி உயர் நீதிமன்றத்தின் கையில். மாவட்ட ஆட்சியரோ காவல் கண்காணிப்பாளரோ அவருக்கு மேலதிகாரி இல்லை. நள்ளிரவில் ரிமாண்டை மறுக்க ஓர் இளம் நடுவருக்குத் துணிவு தரும் ஏற்பாடு இது.

2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம், உரிமையியல் நீதிபதி தேர்வை எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையைத் திரும்பக் கொண்டுவந்தது. 2002இல் அதே நீதிமன்றம் விலக்கிய நிபந்தனை அது. எளிய குடும்பங்களிலிருந்து வருவோருக்கு, பெண்களுக்கு, வருமானம் குறைந்த அந்த மூன்று ஆண்டுகள் கடினமானவை என்ற கவலையில் உண்மை இருக்கிறது. நீதிமன்றத்தைப் பார்க்காமலே நீதிபதியானால் ரிமாண்டின் கனம் தெரியாது என்பதிலும் உண்மை இருக்கிறது. என் எண்ணம் சிறியது: அனுபவத்தைக் கேட்பதோடு, கேள்வித்தாளையும் கொஞ்சம் மாற்றலாம். தீர்ப்பு எழுதச் சொல்லும் தாள்கள் தமிழகத் தேர்வில் ஏற்கெனவே உண்டு. அவற்றோடு ஒரு ரிமாண்ட் கோரிக்கையைக் கொடுத்து, அதன்மேல் உத்தரவு எழுதச் சொல்லலாம். கைதான நேரம் திங்கள் மாலை 4 மணி, முன்னிறுத்திய நேரம் செவ்வாய் இரவு 8 மணி, இடையே 30 கிலோமீட்டர் சாலை என்று அதில் இருக்கட்டும். தேர்வர் அதில் எந்த வரியில் நின்று யோசிக்கிறார் என்று பார்க்கலாம்.