141 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த பெயர்!

குட்டீஸ்! பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக நீங்கள் ராத்திரியெல்லாம் கண் விழித்து ஒரு மாடல் செய்கிறீர்கள். "உன் பெயரைத்தான் எழுதப் போகிறோம்" என்று நண்பர்களும் சொல்கிறார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால், அட்டையில் உங்கள் பெயரே இல்லை! கோபமும் அழுகையும் சேர்ந்து வரும், இல்லையா?

கொல்கத்தாவில் ஒரு நடிகைக்கு இப்படித்தான் நடந்தது. அதைச் சரிசெய்ய 141 ஆண்டுகள் ஆயின!

2024 டிசம்பர் 30 அன்று மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி ஓர் அறிவிப்பு வெளியிட்டார். கொல்கத்தாவின் புகழ்பெற்ற 'ஸ்டார் தியேட்டர்', இனி 'பினோதினி தியேட்டர்' என்று அழைக்கப்படும் என்பதே அது.

யார் இந்தப் பினோதினி?

சமுதாயம் ஒதுக்கி வைத்திருந்த ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் பினோதினி தாசி. 1874-ல் மேடை ஏறியபோது அவருக்குக் கிட்டத்தட்ட உங்கள் வயதுதான்! அதற்கு முன்பு பெண் வேடங்களையும் பெரும்பாலும் ஆண்களே போட்டு வந்தார்கள். நாடக ஆசிரியர் கிரீஷ் சந்திர கோஷிடம் பயிற்சி பெற்ற பினோதினி, ஒரே நாடகத்தில் ஏழு வேடங்களில் நடித்து அசத்தினார். 1884-ல் அவர் சைதன்யராக நடித்ததைப் பார்த்து ராமகிருஷ்ண பரமஹம்சரே ஆசி வழங்கினார்.

மாறிப் போன பெயர்

அது ஆங்கிலேயர் ஆட்சிக் காலம். குர்முக் ராய் என்ற பணக்கார இளைஞர், பினோதினிக்காகவே புதுத் தியேட்டர் கட்டப் பணம் கொடுத்தார். கட்டட வேலை நடந்தபோது தானும் கூடையில் மண் சுமந்ததாகப் பினோதினி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவர் பெயரின் முதல் எழுத்தை வைத்து, 'பி தியேட்டர்' என்று பெயரிடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

1883-ல் தியேட்டரைப் பதிவு செய்துவிட்டு வந்தவர்களிடம், "என்ன பெயர்?" என்று ஆவலோடு கேட்டார் பினோதினி. "ஸ்டார்" என்று பதில் வந்தது!

ஏன் இப்படி? அந்தக் காலத்தில் நடிகைகளை, அதிலும் அவரைப் போன்ற குடும்பத்தில் பிறந்தவர்களை, ஊர் மதிக்கவில்லை. அவர் நடிப்பைப் பார்க்கக் கூட்டம் வந்தது. அவர் பெயரைப் பலகையில் எழுதத்தான் தயக்கம்!

பெயரில் என்ன இருக்கிறது?

'வெறும் பெயர்தானே' என்று நினைக்கிறீர்களா? 1887-ல் அந்தத் தியேட்டர் கட்டடம் விற்கப்பட்டது. ஆனால், 'ஸ்டார்' என்ற பெயரை நாடகக் குழுவினர் கொடுக்கவில்லை. தங்களோடு எடுத்துச் சென்று, 1888-ல் ஹாத்திபாகான் பகுதியில் திறந்த புதுத் தியேட்டருக்கு அதையே வைத்தார்கள். கட்டடத்தை விற்க மனம் வந்தது. பெயரைக் கொடுக்க மனம் வரவில்லை! பெயரின் மதிப்பு அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

இந்த ஹாத்திபாகான் தியேட்டர் 1991-ல் தீயில் எரிந்தது. மாநகராட்சி அதைப் புதுப்பித்து, 2004-ல் மீண்டும் திறந்தது. இதற்குத்தான் இப்போது பினோதினியின் பெயர்.

இங்கே ஒரு கேள்வி எழும். பினோதினி சுமார் 23 வயதிலேயே மேடையை விட்டு விலகிவிட்டார். அதன் பிறகு திறக்கப்பட்ட தியேட்டருக்கு அவர் பெயர் எதற்கு? செங்கல்லுக்காக அல்ல, குட்டீஸ்! 'ஸ்டார்' என்ற அந்தப் பெயரே, அவருக்குத் தர வேண்டிய இடத்தில் வைக்கப்பட்டதுதானே!

ஆனால், பழைய பெயரையும் மறந்துவிடக் கூடாது. அதை அழித்துவிட்டால், பினோதினிக்கு நடந்த அநியாயமும் மறைந்துவிடும். இரண்டு பெயர்களின் கதையையும் வாசலில் எழுதி வைத்தால், வருகிறவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்வார்கள்.

ஒரே ஒரு வருத்தம். பினோதினி 1941-லேயே மறைந்துவிட்டார். தன் பெயரை அந்தப் பலகையில் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அதனால் குட்டீஸ், அடுத்த கண்காட்சியில் அட்டை எழுதும்போது, உழைத்த எல்லாருடைய பெயரும் இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். அதற்கு 141 ஆண்டுகள் வேண்டாம். ஒரு நிமிடம் போதும்!