எலிக்கு நானோ ஜெல், மனிதனுக்குக் கட்டுத்துணி

வடக்குப்பட்டு தெரியுமா? ஒரகடம் பக்கம். 2022-ல் தொல்லியல் துறை தோண்டியபோது கற்காலக் கருவிகள் கிடைத்தன என்று பேப்பரில் வந்ததே, அந்த ஊர்தான். அதே ஒரகடத்துக்குத்தான் 350 ஏக்கரில் மருத்துவ உபகரணப் பூங்கா அறிவித்தார்கள். மத்திய அரசுத் திட்டத்தில் 2021-ல் தேர்வான நான்கு மாநிலங்களில் தமிழகமும் ஒன்று, மானியம் 100 கோடி வரை. கல் கோடரியிலிருந்து நானோ வரை ஒரே வட்டாரம் என்று மேடையில் பேச வசதி :-)

சரி, அங்கே கையுறையும் சிரிஞ்சும் மட்டும் செய்தால் போதுமா? கிருமி கொல்லும் நானோ ஹைட்ரோஜெல்லை எடுத்துக்கொள்வோம்.

ஹைட்ரோஜெல் என்பது தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் பாலிமர் வலை, அவ்வளவுதான். காயத்தை ஈரமாக வைத்தால் தோல் சீக்கிரம் மூடும் என்று 1962-லேயே ஜார்ஜ் வின்டர் பன்றிகளில் காட்டிவிட்டார். (நம்மூரில் இன்னமும் "காயத்தைக் காய விடு" என்கிறோம்.) அந்த வலைக்குள் வெள்ளி அல்லது துத்தநாக ஆக்சைடு நானோ துகள்களை வைத்தால், அயனிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து பாக்டீரியாவின் சவ்வை உடைக்கும். ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாத கிருமியிடமும் இது செல்லும்.

அப்படிப்பட்ட கிருமிகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. 2010-ல் லான்செட் குழும இதழில் வந்த என்டிஎம்-1 ஆய்வில் சென்னையில் மட்டும் 44 மாதிரிகள். தில்லியின் பெயரை வைத்ததற்காக நாடே கோபப்பட்டது. கிருமிக்காகக் கோபப்பட்டவர்கள் குறைவு.

ஆராய்ச்சிக்கும் பஞ்சமில்லை. கொச்சி அம்ருதா நானோ மையத்தினர் இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானில் நானோ துத்தநாக ஆக்சைடு கலந்து கட்டு செய்து, எலிகளின் காயம் வேகமாக ஆறியதை 2012-ல் வெளியிட்டார்கள். அருமையான வேலை. அதற்குப் பிறகு இந்த வகையில் உலகம் முழுக்க வந்த கட்டுரைகளுக்குக் கணக்கே இல்லை. பெரும்பாலானவை எலியோடு நின்றுவிடுகின்றன. எலிகள் கொடுத்து வைத்தவை!

உடனே "நானோ" என்று அச்சடித்த டியூபை எல்லாம் வாங்கிக் குவிக்கச் சொல்லவில்லை. வெள்ளி சாமி இல்லை. 1970-களில் பாஸ்டன் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் சில்வர் நைட்ரேட்டுக்கு மசியாத சால்மோனெல்லா பரவி மூன்று பேர் இறந்தார்கள். அளவு கூடினால் வெள்ளி நம் தோல் செல்லையும் கொல்லும். தீக்காயத்துக்கு வழக்கமாகத் தடவும் சில்வர் சல்ஃபாடையசீன் களிம்பே பல நவீன கட்டுகளைவிட மோசமாக ஆற்றுகிறது என்று 2013-ல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. அதனால்தான் மனிதர்களிடம் ஒழுங்கான ஒப்பீட்டு ஆய்வு வேண்டும். அதற்குக் காசு யார் போடுவது? மத்திய மானியம் பூங்காவின் பொது வசதிகளுக்கு. கம்பெனிக்காரனோ, ஆய்வு முடிந்தாலும் வாங்க ஆள் இருக்கிறதா என்று பார்ப்பான். காமர்ஸ் முதல் வருடப் பாடம் இது: டிமாண்ட் இல்லாத இடத்தில் சப்ளை வராது.

இங்கே பெரிய வாடிக்கையாளர் அரசு மருத்துவமனைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் மருத்துவப் பணிகள் கழகம். 1998 டெண்டர் சட்டப்படி விலை குறைவானவருக்கே ஆர்டர். எதன் விலை? ஒரு கட்டின் விலை. ஆறிய காயம் ஒன்றுக்கு ஆன செலவு அல்ல! கட்டுத்துணி மலிவுதான். ஆனால் அது காயத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிய்த்தால் புதுத்தோலும் சேர்ந்து வரும், தினமும் மாற்ற நர்ஸ் வேண்டும், படுக்கை வேண்டும். வெல்டிங்கில் கை வெந்த ஒரகடத்து கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு ஒவ்வொரு நாளும் சம்பளம் போகும். இதில் எதுவும் டெண்டர் விலையில் ஏறுவதில்லை.

கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் பெரிய தீக்காயப் பிரிவே இருக்கிறது. அங்கே ஜெல்லையும் கட்டுத்துணியையும் ஒப்பிட்டு, எத்தனை நாளில் ஆறியது, மொத்தம் எவ்வளவு செலவு என்று எழுதி வெளியிடட்டும். ஜெல் தோற்றால் தூக்கிப் போடுங்கள். ஜெயித்தால், இத்தனை லட்சம் கட்டு வாங்குகிறோம் என்று கழகம் முன்கூட்டியே எழுத்தில் கொடுக்கட்டும். அந்தக் காகிதம் இருந்தால் ஒரகடத்தில் ஜெல் செய்யக் கம்பெனிகள் தாமாகவே வரிசையில் நிற்கும்.