மஞ்சள் விளக்கின் இரு பொருள்

மைசூரு தேவராஜ மொஹல்லாவில், தன்வந்திரி சாலையோரம் நிற்கும் புதிய கார்கள் பலவற்றின் முகப்புப் பலகையில் ஒரு மஞ்சள் குறி உறங்குகிறது. குதிரை லாடம் போன்ற வளைவு, அடியில் சிறு பற்கள், நடுவே ஒரு வியப்புக்குறி. டயரின் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியின் எச்சரிக்கை அது. வடிவமைத்தோர் டயரின் குறுக்குவெட்டை மனத்திற்கொண்டு வரைந்தனர்; காரோட்டுபவர் எவரும் டயரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தவரல்லர். படமாகப் பிறந்த குறி பயனரிடம் வந்து சேரும்போது இடுகுறியாகிவிடுகிறது.

வடிவத்தைவிடப் பெரிய சிக்கல் பொருளில் உள்ளது. விளக்கு தொடர்ந்து எரிந்தால் டயரில் காற்றுக் குறைவு. வண்டியைக் கிளப்பியதும் ஏறத்தாழ ஒரு நிமிடம் சிமிட்டி, அதன்பின் நிலையாக எரிந்தால், கருவியே பழுது. ‘காற்று குறைந்துவிட்டது’ என்பதும் ‘என் சொல்லை நம்பாதீர்’ என்பதும் ஒரே வடிவத்தில் வருகின்றன. இரண்டையும் பிரிப்பது அந்த முதல் நிமிடம் மட்டுமே. பெல்ட்டை மாட்டி, கண்ணாடியைச் சரிசெய்து, பின்னால் வரும் ஆட்டோவைப் பார்க்கும் நிமிடம் அது. ஃபயர்ஸ்டோன் டயர் விபத்துகளை அடுத்து 2000ஆம் ஆண்டில் அமெரிக்கா சட்டம் இயற்றியது. 2007 செப்டம்பரிலிருந்து அங்கே புதிய இலகு வாகனங்கள் அனைத்திற்கும் இக்கருவி கட்டாயமாயிற்று. ஒரே விளக்கில் இரு செய்திகளையும் காட்ட அவ்விதி இடமளித்தது. அச்சிக்கனம் அன்றே தவறான முடிவு.

‘காலையில் எரிகிறது, மதியம் தானே அணைகிறது, சென்சார் பொய் சொல்கிறது’ என்ற முறையீடு குளிர்காலத்தில் பரவலாக எழுவது. மைசூரில் மார்கழிப் பகலின் 28 பாகை வெப்பம் விடியலில் 16 பாகை அளவுக்கு இறங்குவதுண்டு. அதனால் 33 பிஎஸ்ஐ அழுத்தமுள்ள டயர் ஏறத்தாழ 2 பிஎஸ்ஐ மட்டுமே இழக்கும். அமெரிக்க விதிப்படி விளக்கு கட்டாயம் எரிய வேண்டிய எல்லையோ பரிந்துரைத்த அளவிலிருந்து 25 விழுக்காடு குறைவு. அதாவது 25 பிஎஸ்ஐக்கு அருகில். குளிர் மட்டும் டயரை அங்கே தள்ளாது. முன்பே காற்றிழந்து விளிம்பில் நின்ற டயரைத்தான் அது தள்ளிவிடுகிறது. நண்பகலில் அணைந்த விளக்கு பழுது தீர்ந்ததைக் காட்டவில்லை. சூடேறிய காற்று குறையை மறைத்ததையே காட்டுகிறது. ஆகவே, வண்டி மூன்று மணி நேரமாவது நின்றபின், ஓட்டுநர் பக்கக் கதவருகே ஒட்டிய தாளிலுள்ள அளவைப் பார்த்து அளக்க வேண்டும். டயரின் பக்கச்சுவரில் பொறித்திருக்கும் எண் தாங்கும் உச்சவரம்பு. அதை நிரப்பவேண்டிய அளவாகக் கொள்வது வேறொரு பிழைவாசிப்பு.

இவற்றுள் மிகக் கேடானது ரீசெட் பொத்தான். சில கார்களில் அழுத்தத்தை நேரடியாக அளக்கும் சென்சாரே இல்லை; காற்றிழந்த சக்கரம் சற்று விரைவாகச் சுழல்வதை ஏபிஎஸ் வழியே கண்டு கருவி ஊகிக்கிறது. அங்கே ரீசெட் என்பது விளக்கை அணைக்கும் செயலன்று. ‘இப்போதுள்ளதே இயல்பு’ என்று கற்பிக்கும் செயல். காற்று நிரப்புமுன் அழுத்தினால் குறையே நெறியாகிவிடும், விளக்கும் மௌனமாகிவிடும். முதலில் காற்று, பிறகே பொத்தான். நேரடிச் சென்சார் உள்ள வண்டியில் நிலைமை வேறு: வால்வோடு இணைந்த சென்சாரின் பேட்டரி சில ஆண்டுகளில் தீரும், பொதுவாகச் சென்சாரையே மாற்ற வேண்டியிருக்கும்.

வேல்ஸ் நாட்டு லனெத்லி ஊரின் ஸ்டெப்னி தெரு மாற்றுச் சக்கரத்திற்குத் தந்த பெயர் இந்தியாவெங்கும் இன்னும் வாழ்கிறது, பொருள்தான் விடைபெறுகிறது. டியூப்லெஸ் டயரும் பழுதுநீக்கும் கருவிப்பெட்டியும் இக்கண்காணிப்புக் கருவியும் இருந்தால் 3.5 டன் வரையிலான பயணியர் வாகனத்திற்கு ஸ்டெப்னி வேண்டியதில்லை என 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதி கூறுகிறது. இரும்புச் சக்கரத்தின் இடத்தை ஓரளவு ஒரு குறி பிடித்துள்ளது. அக்குறியின் விளக்கமோ பெரும்பாலும் ஆங்கிலக் கையேட்டின் நடுப்பக்கங்களில் கிடக்கிறது.

கன்னடத்தில் காற்று ‘காளி’; தமிழின் கால், காற்று என்பவற்றின் உறவுச்சொல். தமிழர் செவியில் அது ‘காலி’யாக விழுந்து நகைப்பூட்டுவதும் உண்டு. பஞ்சர் கடைக்காரரோ எம்மொழியிலும் பிழைபடாத சோதனையைச் செய்கிறார்: டயரைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் குமிழியைக் காட்டுகிறார். இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் இயங்கும் நகரம் இது. சிமிட்டலுக்கும் எரிதலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கன்னடத்திலும் தமிழிலும் இரண்டிரண்டு வரிகளில் எழுதி, கதவருகே உள்ள அழுத்த அட்டவணையின் கீழேயே ஒட்டச் சொல்லும் கோரிக்கை மொழியியல் துறைகளிலிருந்து எழுவதே பொருத்தம்.