கூடம் திறந்தாயிற்று, சாவி யாரிடம்?

கோவில்பட்டி, கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் ஊர்களில் தலித் குடியிருப்புகளின் ஜெபக்கூடங்கள் மாறி வருகின்றன. ஓட்டுச் சாய்ப்பாக இருந்தது கான்கிரீட் கட்டடமாகிறது. அதை ஒட்டியே கல்யாணம், சடங்கு, மாலை நேர டியூஷன், மகளிர் குழுக் கூட்டம் என எல்லாவற்றுக்குமாக ஒரு சமூகக்கூடம் எழும்புகிறது. சி.எஸ்.ஐ. சபை என்றால் பிரதிஷ்டை, கத்தோலிக்கப் பங்கு என்றால் அர்ச்சிப்பு. பேராயரோ ஆயரோ வருகிறார், கல்வெட்டு திறக்கப்படுகிறது, அசனம் நடக்கிறது. மறுநாள் படங்கள் வாட்ஸப்பில் சுற்றுகின்றன.

இதைப் பார்க்கும் இளம் தோழர்களிடம் இரண்டு விதமான பேச்சைக் கேட்கிறோம். "படிப்புக்குச் செலவழிக்க வேண்டிய காசைக் கட்டடத்தில் போட்டுவிட்டார்கள்" என்பது ஒன்று. "நமக்கென்று ஒரு ஆலயம் வந்துவிட்டது, இனி நம்மை யார் கேட்பது?" என்பது மற்றொன்று. இரண்டுமே அவசரமான பேச்சு. தலித் மக்கள் கட்டும் ஆலயமும் கூடமும் உரிமைப் பிரச்சினை. எனவே அவற்றை உரிமையை வைத்துத்தான் அளக்க வேண்டும். பத்திரம், சாவி, பதிவேடு, கல்லறை ஆகிய நான்கும் யாரிடம் இருக்கின்றன என்பதே எங்கள் கேள்வி.

முதலில், செலவைக் குறை சொல்பவர்களுக்கு. கரிசலில் கட்டடம் எழுப்புவது சுலபமல்ல. மழையில் ஊதி, கோடையில் ஆளின் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் மண் இது. வானம் ஆழமாகத் தோண்டி, கரிசலை அள்ளி வெளியே போட்டு, சரளையும் மணலும் நிரப்பி, பெல்ட் கான்கிரீட் போட்டால்தான் சுவர் வெடிக்காமல் நிற்கும். சுவர் தரைக்கு மேல் தெரிவதற்குள்ளேயே கையிருப்பு கரைந்துவிடும். தீப்பெட்டி ஆபீஸ் கூலியிலும், களையெடுத்த கூலியிலும், வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள் அனுப்பும் பணத்திலும், வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடியரிசியிலும் இருந்துதான் அந்த அஸ்திவாரம் வருகிறது.

அப்படியும் ஏன் கட்டுகிறார்கள்? கல்யாணத்துக்கு மண்டபம் வேண்டும். ஊருக்குள் இருக்கும் மண்டபம் சாதிச் சங்கத்துடையது. அரசு கட்டிய சமுதாய நலக்கூடம்கூடப் பல ஊர்களில் எந்தத் தெருவில் நிற்கிறதோ அந்தத் தெருவின் சொத்தாகிவிடுகிறது. பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க, பெண்கள் கூடிப் பேச, வழக்கென்று வந்தால் வழக்கறிஞரை உட்கார வைத்துக் கேட்க ஒரு கூரை வேண்டும். அதை யாரிடமும் கெஞ்சாமல் பெறும் வழியாகவே மக்கள் இதைப் பார்க்கிறார்கள்.

இந்த வட்டாரத்தில் தலித் மக்களின் நிலையான கட்டடம் ஆதிக்கச் சாதிகளின் கண்ணை எப்போதும் உறுத்தியிருக்கிறது. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் காவல்துறை புகுந்து அடித்து நொறுக்கியவற்றில் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் வந்த வீடுகளும் பொருட்களும் இருந்தன. அந்த ஊர் குறிவைக்கப்பட்டதற்கு அதன் முன்னேற்றமும் ஒரு காரணம் என்று அன்றே பேசப்பட்டது.

ஆலயக் கட்டடத்தை உரிமைக்கான கருவியாக்கிய வரலாறு கோவில்பட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கழுகுமலையில் தேரோடும் வீதிகளில் ஊர்வலம் போகும் உரிமை நாடார்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. கோயில் எட்டயபுரம் ஜமீனின் பொறுப்பில் இருந்தது. வழக்காடியும் பயனில்லாமல் போகவே அவர்களில் ஒரு பகுதியினர் கத்தோலிக்கத்தில் சேர்ந்தார்கள், தேர் வீதியிலேயே இடம் பிடித்து அதைத் தேவாலயமாக்கினார்கள். 1895 ஏப்ரலில் பங்குனி உத்திரத் தேரோட்டத்தின்போது தேவாலயத்தின் முன்னிருந்த பந்தல் தேருக்கு இடைஞ்சல் என்று தகராறு எழுந்தது. அது கலவரமாகி ஜமீன் மேலாளர் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். பூமணியின் 'அஞ்ஞாடி' நாவல் அந்தக் காலத்தைப் பேசுகிறது. அந்தத் தேவாலயம் வழிபாட்டு இடமாக மட்டும் இருக்கவில்லை. நடக்கக் கூடாது என்று சொல்லப்பட்ட வீதியில் நிரந்தரமாக நின்றுகொள்ளும் வழியாகவும் அது இருந்தது.

இன்று அந்தச் சாதி எங்கே இருக்கிறது, அதே வட்டாரத்தின் திருச்சபை நிர்வாகங்களில் தலித்துகள் எங்கே இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒடுக்கப்பட்ட அனுபவம் யாரையும் தானாகவே சமத்துவவாதி ஆக்கிவிடுவதில்லை. நமக்கும் இது பொருந்தும். பறையர் தெருவில் கட்டிய கூடத்தில் அருந்ததியர் வீட்டுக் கல்யாணம் நடக்குமா? பள்ளர் தெருக் கூடத்தில் புதிரை வண்ணார் பிள்ளை டியூஷன் படிக்க உட்காருமா? இதற்குப் பதில் சொல்ல முடியாத கூடம் ஜமீன் தெருவின் சின்ன நகல்தான்.

கட்டடத்தின் வரைபடத்துக்குள்ளேயே சாதி புகுந்ததற்கு வடக்கன்குளம் சாட்சி. நெல்லைச் சீமையின் அந்தப் பழைய கத்தோலிக்க ஊரில் 1872-இல் எழுந்த கோயிலில் ஒரே பீடத்தை நோக்கி இரண்டு தனித்தனி மண்டபங்கள் பிரிந்து நின்றன. ஒன்று வெள்ளாளருக்கு, மற்றது நாடார் உள்ளிட்ட பிறருக்கு. கால்சட்டை போன்ற அமைப்பு என்று அதைக் கேலியாகச் சொல்வார்கள். 1910-இல் தடுப்பு அகற்றப்பட்டபோது வெள்ளாளர் நீதிமன்றம் போனார்கள். 1917-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் கோரிய தனியுரிமையை ஏற்க மறுத்தது. ஆய்வாளர் ஆ. சிவசுப்பிரமணியன் தம் 'கிறித்தவமும் சாதியும்' நூலில் இந்த வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். மாணவத் தோழர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். சாதி பழக்கத்தில் மட்டும் இருப்பதில்லை, செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் இருக்கிறது என்பதை அந்நூல் காட்டும். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தின் சாதிச் சுவரும் அதே ரகம்.

"நமக்கென்று தனி ஆலயம் வந்துவிட்டது" என்று நிம்மதியடைபவர்கள் எறையூரை மறக்கக் கூடாது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த அந்த ஊரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்கென்று ஆலயம் கட்டியிருந்தார்கள். அதைத் தனிப் பங்காக அங்கீகரிக்க வேண்டும் என்று கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று வன்னியக் கிறிஸ்தவர்கள் அவர்களைத் தாக்கினார்கள். அதைத் தொடர்ந்த துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிரிழந்தார்கள். கட்டடம் இருந்தது, கட்டடத்துக்குரிய அதிகாரம் இல்லை. தனிக் கட்டடம் அங்கீகாரத்தோடு வந்தால் அது விடுதலை. அங்கீகாரம் இல்லாமல் வந்தால், "உங்களுக்குத்தான் அங்கே இருக்கிறதே, இங்கே ஏன் வருகிறீர்கள்?" என்று பெரிய ஆலயத்தில் கேட்பதற்கு வசதியாகிவிடும்.

அதிகாரக் கணக்கைத் திருச்சபையே ஒப்புக்கொண்டிருக்கிறது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், 1.9 கோடிக் கத்தோலிக்கர்களில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும், தலைமைப் பொறுப்புகளில் அவர்களின் பங்கு மிகக் குறைவு என்றும் கூறியது. 2022-இல்தான் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார்.

திறப்பு விழாக் கல்வெட்டைக் கொஞ்சம் நின்று படியுங்கள். பேராயர், குருவானவர், நன்கொடையாளர், ஒப்பந்ததாரர் என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். வானம் தோண்டிய, சித்தாளாகக் கல் சுமந்த பெண்களின் பெயர் இருக்காது. இதில் கிறிஸ்தவ தலித்துகளுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. பெயரைப் போடட்டுமா என்று கேட்டாலும் சிலர் வேண்டாம் என்பார்கள். காரணம் அடக்கமல்ல, சாதிச் சான்றிதழ். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களோடு நிறுத்தியது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியே. சேர்க்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் பரிந்துரைத்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானமும் போட்டது. ஆனால் 2024 நவம்பரில், புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், ஞானஸ்நானம் பெற்று ஆலயத்துக்குப் போய்வருபவர் இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்று கேட்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். தாங்கள் உழைத்து எழுப்பிய சுவரில் தங்கள் பெயர் இருந்தால் பிள்ளையின் படிப்புக்கும் வேலைக்கும் ஆபத்து என்று ஒருவர் அஞ்ச வேண்டியிருக்கிறது. இதைச் செய்தது அரசு. கல்வெட்டுத் திறக்கும் மேடையில் அந்த ஆணையை எதிர்த்து ஒரு வார்த்தையாவது பேசப்பட வேண்டாமா?

இனி செய்ய வேண்டியவை. நிலப்பத்திரம் திருச்சபையின் அறக்கட்டளை பெயரிலோ மறைமாவட்டத்தின் பெயரிலோ இருப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. தனியார் யாரும் விற்றுவிடாமல் அது காக்கும். ஆனால் கூடத்தை யார், எதற்கு, எந்த வாடகையில் பயன்படுத்தலாம் என்பது தீர்மானமாக எழுதப்பட்டு, பத்திர நகலோடு உள்ளூர்ச் சபையிடம் இருக்க வேண்டும். அந்த விதியில் எந்தச் சாதிக்கும், எந்த மதத்துக்கும் கதவு மூடப்படக் கூடாது. சாவி வைத்திருக்கும் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். வரவு செலவு ஆண்டுக்கு ஒருமுறை கூடத்திலேயே வாசிக்கப்பட வேண்டும். கிளைச் சபையாக இருந்தால் சேகரக் கமிட்டியிலோ பங்குப் பேரவையிலோ அதற்குரிய இடம் எத்தனை என்று திறப்பு விழாவுக்கு முன்பே கேட்க வேண்டும். கல்லறைத் தோட்டம் பொதுவானதா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். விழாவுக்குப் பிறகு கேட்டால் யாருக்கும் நேரம் இருக்காது.

அசனத்தையும் விட்டுவிடக் கூடாது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த, 'பரட்டை' என்று அறியப்பட்ட தியாபிலஸ் அப்பாவு, 'ஒரு உலை' என்ற கருத்தைத் தம் இறையியலின் நடுவில் வைத்தார். ஒரே உலையில் பொங்கியதைச் சேர்ந்து தின்பதுதான் அவருக்குத் திருவிருந்தின் பொருள். தலித் தெருவில் அசனம் நடக்கும்போது அதே சேகரத்தின் மற்ற சாதியார் காணிக்கைக் கவரைக் கொடுத்துவிட்டு, "வீட்டில் வேலை இருக்கிறது" என்று கிளம்புகிறார்களா, பந்தியில் உட்காருகிறார்களா? இதைக் கவனித்து எழுதி வையுங்கள். சமூகவியல் படிக்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல களஆய்வு கிடைக்காது.

அடுத்த அழைப்பிதழ் வரும்போது தவறாமல் போங்கள், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அந்த மக்களின் மகிழ்ச்சி நியாயமானது. விழா முடிந்து ஒரு மாதம் கழித்து இன்னொரு முறையும் போங்கள். கூடம் பூட்டியிருந்தால் சாவி யார் வீட்டில் இருக்கிறது என்று விசாரியுங்கள். பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தால், அவர்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.